ஜர்னலிசம் டிபார்ட்மென்ட்ல யாருக்கிட்ட எதுக்குப் போகணும்?

வணக்கம் எல்லாருக்கும். கொழும்பிலிருந்து கதைக்கிறேன். வெளியில நல்ல மழை, சத்தம் கொஞ்சம் மைக்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

இதழியல், ஊடகக் கற்கைனு கம்பஸ் போகப் போற பிள்ளைகளுக்கும், இப்ப முதலாம் வருசத்துல இருக்கிறவங்களுக்கும் இந்த வீடியோ. துறைக்கு வாற பிள்ளைகள் முதல்ல செய்ற வேலை, வெப்சைட்ல போய் யாருடைய பெயருக்கு முன்னால பேராசிரியர்னு இருக்கு, யாருக்குக் கலாநிதினு இருக்குனு பார்க்கிறது. பாருங்க, பிழை இல்ல. ஆனா நீங்க எழுதுறதை வரி வரியா வாசிச்சுத் திருத்தப் போறது யார்னு அந்தப் பட்டம் சொல்லாது. அதைத்தான் நீங்க தேடிப் பிடிக்கணும். தமிழ்மூலம் படிக்கிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். துறையில பத்துப் பேர் இருக்கலாம். உங்கட தமிழ் வாக்கியத்தை வாசிச்சு இது செய்தியா இல்லையானு சொல்லக்கூடியவங்க அதுல எத்தனை பேர்? அதுதான் கேள்வி.

இடத்தைப் பற்றி ஒரு சின்ன விசயம், ஏன்னா இதுல நிறையப் பேர் குழம்புறாங்க. கொழும்புப் பல்கலைக்கழகம்னா ஒரே இடம் இல்ல. கலைப் பீடம் இங்க கொழும்புக்குள்ள இருக்கு. வெகுசன ஊடகம் படிப்பிக்கிற ஸ்ரீபாலி வளாகமும் கொழும்புப் பல்கலைக்கழகம்தான், ஆனா அது ஹொரணையில. களனியில வெகுசனத் தொடர்பாடல் துறை சமூக விஞ்ஞான பீடத்துக்குக் கீழ வருது. யாழ்ப்பாணத்துல ஊடகக் கற்கைகள் துறை. இலங்கை இதழியல் கல்லூரி கொழும்புல இருக்கு, அது டிப்ளோமா; பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியா போற பட்டப்படிப்பு இல்ல. விண்ணப்பிக்க முன்னம், ஆணைக்குழு வெளியிடுற அந்த வருசத்து ஹேண்ட்புக்ல அந்தக் கற்கைநெறி எந்த மொழிமூலம்னு பாருங்க. போன வருசத்து ஹேண்ட்புக்கை வைச்சு முடிவெடுக்காதீங்க.

சரி, ஆட்கள். கீழ இருந்து மேல போவோம். தற்காலிக உதவி விரிவுரையாளர், தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் 2, தரம் 1, அதுக்கு மேல பேராசிரியர்கள். துறைத்தலைவர்ன்றது ஒரு தரம் இல்ல, மூன்று வருசப் பொறுப்பு. சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர் தலைவரா இருக்க, அதே துறையில பேராசிரியர் ஒருவர் சாதாரணமாப் படிப்பிச்சுக்கொண்டு இருக்கலாம். பாட அலகு மாற்றுறது, வரவுப் பிரச்சினை, இன்டர்ன்ஷிப் கடிதம், இதுக்கெல்லாம் தலைவர். ஒரு அசைன்மென்ட் புள்ளியைப் பற்றிக் கதைக்கத் தலைவரிட்ட போகாதீங்க. அந்தப் பாடத்தை எடுத்தவரிட்டத்தான் முதல்ல போகணும். அவரைத் தாண்டிப் போனா, தலைவர் உங்களை அவரிட்டயே திருப்பி அனுப்புவார், இடையில ஒரு கிழமை போயிடும்.

தகுதிகாண் விரிவுரையாளரைச் சின்னவர்னு நினைக்காதீங்க. அண்மையில பட்டம் முடிச்சவங்க, மென்பொருள், தரவு, ஆய்வுமுறை எல்லாம் புதுசாத் தெரியும், நேரமும் தருவாங்க. ஆனா அவங்க முதுமாணியோ கலாநிதியோ முடிக்கக் கல்வி விடுமுறையில போகவேண்டி வரும், அதிகமா வெளிநாட்டுக்கு. பெரியவங்களுக்கும் ஏழு வருசச் சேவைக்கு ஒருக்கா சபெட்டிக்கல், அதாவது படிப்பிக்காம ஆய்வு செய்ய எடுக்கிற நீண்ட விடுமுறை இருக்கு. அதனால ஆய்வுக் கட்டுரைக்கு சுப்பர்வைசரா, அதாவது வழிகாட்டியா, யாரைக் கேட்டாலும், "அடுத்த வருசம் முழுக்க இங்க இருப்பீங்களா சேர்?"னு பணிவாக் கேட்டுவிடுங்க. இதைக் கேட்கிறதுல மரியாதைக் குறைவே இல்ல. நடுவுல சுப்பர்வைசர் மாறினா புது ஆள் உங்கட தலைப்பையே மாற்றச் சொல்லலாம், அப்ப அதுவரை செய்த வேலை வீண்.

இன்னொரு பிரிவு வருகைதரு விரிவுரையாளர்கள். பத்திரிகை, ரேடியோ, டிவியில வேலை செய்துகொண்டே படிப்பிக்க வாறவங்க. எனக்கு இவங்கமேல பெரிய மதிப்பு இருக்கு. எங்கட நாட்டுல ஊடகமும் கம்பஸும் எப்பவும் கைகோத்துத்தான் வந்திருக்கு. க. கைலாசபதி 1959லயிருந்து 1961 வரைக்கும் தினகரன் பத்திரிகையின் ஆசிரியர். பிறகு பல்கலைக்கழகத்துல படிப்பிச்சு, 1974ல யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானவர். செய்தி மேசையில இருந்தவர் வகுப்புக்கு வந்தா என்ன கிடைக்கும்னு காட்ட இந்த ஒரு பெயர் போதும்.

ஆனா நடைமுறையில என்ன பிரச்சினை? அவங்களுக்குத் துறையில ஒரு அறை இருக்காது. நாட்டுல பெரிய செய்தி ஒன்று நடந்தா அன்றைக்கு வகுப்பு இல்ல. திருத்தின தாள் பையோட வீட்டுக்குப் போயிடும். அதனால ரெண்டு விசயம் செய்யுங்க. கொடுக்கிற ஒவ்வொரு வேலையிலயும் திகதி போட்ட பிரதி ஒன்று உங்ககிட்ட இருக்கணும். இரண்டாவது, வகுப்பு முடிஞ்ச கையோட, அங்கேயே அஞ்சு நிமிசம் கேட்டு உங்கட தாளைத் திருத்துவிச்சுக்கொள்ளுங்க. பிறகு மெயில்ல கேட்போம்னு விட்டா அது நடக்காது.

அந்தத் திருத்தம் எப்பிடி இருக்கும்னு காட்டுறேன். இந்தத் தாளைக் கெமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், பாருங்க. பயிற்சிக்காக எழுதின செய்தி, சபை, தொகை எல்லாம் கற்பனை. மேல இருக்கிறது, பிள்ளைகள் முதல் அசைன்மென்ட்ல வழமையா எழுதிக் கொடுக்கிற மாதிரி:

"பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டம் நேற்றைய தினம் சபை மண்டபத்தில் தலைவர் தலைமையில் இடம்பெற்றதுடன் இதன்போது குறித்த பிரதேசத்தின் வடிகாலமைப்பு தொடர்பில் பல்வேறு விடயங்கள் கலந்துரையாடப்பட்டதாகத் தெரிவிக்கப்படுகின்றது."

20 சொல். செய்தி எங்க? கூட்டம் நடந்தது செய்தி இல்ல, அது மாதா மாதம் நடக்கும். சிவப்புப் பேனா மூன்று இடத்துல வட்டம் போட்டிருக்கு. "குறித்த": எதைக் குறித்தது? பிரதேசத்தின் பெயரைப் போடுங்க, இல்லாட்டி வெட்டுங்க. "பல்வேறு விடயங்கள்": எழுதினவருக்கு என்ன விடயம்னு தெரியல்ல, இல்லாட்டி குறிப்பு எடுக்கல்ல. மூன்றாவதுதான் பெரிய வட்டம்: "தெரிவிக்கப்படுகின்றது". பக்கத்துல ஒரே ஒரு சொல் எழுதியிருக்கு: "யாரால்?"

இந்தப் "படுகின்றது" எங்கட செய்தித் தமிழ்ல ஊறிப்போன ஒன்று. அறிக்கை சிங்களத்திலயோ ஆங்கிலத்திலயோ வரும், அவசரமாத் தமிழாக்குவோம், சொன்னவர் யார்ன்றது நடுவுல விழுந்திடும். விழுந்தது தெரியாம இருக்க ஒரு "தெரிவிக்கப்படுகின்றது". வாசகருக்கு அதை நம்பலாமா இல்லையானு எடைபோட வழியே இல்ல. இப்ப கீழ இருக்கிற திருத்தம்:

"வடிகால் துப்புரவுக்கு ஒதுக்கிய 12 லட்சம் ரூபாயில் 4 லட்சம் மாத்திரமே செலவாகியிருப்பதாகப் பிரதேச சபையின் செயலாளர் நேற்றுச் சபையில் தெரிவித்தார்."

16 சொல். தொகை இருக்கு, சொன்னவர் இருக்கு, மிச்சம் 8 லட்சம் எங்கன்ற அடுத்த கேள்வியும் தானா எழும்புது. இப்பிடித் திருத்தித் தாறவர் எந்தத் தரத்துல இருந்தாலும் சரி, அவரை விடாதீங்க.

இடப்பெயர்லயும் அப்பிடித்தான். ஆங்கிலத்துல 'ஸ்லேவ் ஐலண்ட்'னு பார்த்துட்டு "அடிமைத் தீவு"னு எழுதிக் கொடுத்தா, தமிழ் தெரிஞ்ச விரிவுரையாளர் உடனே கொம்பனித்தெருனு திருத்துவார். 'சினமன் கார்டன்ஸ்' கறுவாத்தோட்டம், 'ஹல்ஸ்டொப்' புதுக்கடை, 'மவுண்ட் லவினியா' கல்கிசை. இதை எந்தத் தியரிப் புத்தகமும் சொல்லித் தராது. தமிழ் தெரியாத விரிவுரையாளருக்கு உங்கட வேலை மொழிபெயர்ப்புல போனா, அவர் கட்டமைப்பைப் பார்ப்பார், இதையெல்லாம் பார்க்க வழியே இல்ல.

அடுத்தது, தொடர்பாடல் கோட்பாடு படிப்பிக்கிறவங்க. சில பிள்ளைகள் இவங்களைத் தேவையில்லாத ஆட்கள் மாதிரிப் பார்க்கிறாங்க. அது சரியான பிழை. நாலாம் வருசத்துல உங்களைக் காப்பாற்றப் போறது இவங்கதான். அதுக்கு இப்ப வாறேன், அதுக்கு முன்னம் சட்டமும் ஒழுக்கநெறியும் எடுக்கிறவரைப் பற்றி ஒன்று.

தகவலறியும் உரிமைச் சட்டம், ஆர்டிஐனு சொல்லுவாங்க, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அரச நிறுவனங்கள்ட்ட தகவல் கேட்க வழி தாற சட்டம். இதை வைச்சு அசைன்மென்ட் செய்யச் சொன்னா, பிள்ளைகள் பத்தாம் கிழமை வரைக்கும் யோசிச்சுக்கொண்டு இருப்பாங்க. கணக்குப் பாருங்க: செமெஸ்டர் 15 கிழமை. தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாள், அதாவது கிட்டத்தட்ட மூன்று கிழமை. தாறதுனு முடிவானா, கட்டணம் கட்டின பிறகும் தகவல் கைக்கு வர இன்னும் நாள் எடுக்கும். மறுத்தா, அதே நிறுவனத்துல மேன்முறையீட்டைப் பார்க்கிற குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிட்ட மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. பத்தாம் கிழமை போட்டா எதுவும் கைக்கு வராது. இரண்டாம் கிழமையே கடிதம் போகணும். தமிழ்லயே எழுதலாம், ஏன் கேட்கிறீங்கனு காரணம் சொல்லவும் தேவையில்ல. ஆனா கேள்வி சின்னதா இருக்கணும்: "வடிகால் பற்றிய எல்லாத் தகவலும்" இல்ல, "2023இல் ஒதுக்கிய தொகை, செலவான தொகை". அனுப்ப முன்னம் சட்டப் பாட விரிவுரையாளரிட்ட வரைவைக் காட்டுங்க. கேள்வியில ஓட்டை இருந்தா அவர் கண்ணுக்குத்தான் முதல்ல படும்.

இப்ப நாலாம் வருச ஆய்வுக் கட்டுரை. கோட்பாடும் ஆய்வுமுறையும் தெரிஞ்சவங்க காப்பாற்றுவாங்கனு சொன்னது இங்கதான். "தமிழ் ஊடகங்களும் பெண்களும்"னு ஒரு தலைப்போட போய் நின்றா, எந்த சுப்பர்வைசரும் தலையைத்தான் தடவுவார். ஒரு பக்கத்துல எழுதிக்கொண்டு போங்க: என்ன கேள்வி, எந்தப் பொருள், எந்தக் காலம், எப்பிடி எண்ணப் போறீங்க. உதாரணமா, இரண்டு தமிழ் நாளிதழ்களின் முதற்பக்கச் செய்திகள்ல பெண்களின் பெயரோட மேற்கோள் எத்தனை வருது. மூன்று மாதம் முழுக்கனா 180 முதற்பக்கம். ஒரு பக்கத்துல 8 செய்தினு வைச்சாலும் 1,440 செய்தி, தனி ஆளா ஏலாது. ஆய்வுமுறை தெரிஞ்ச விரிவுரையாளர் உடனே "கட்டமைத்த வாரம்" எடுங்கனு சொல்லுவார்: மூன்று மாதத்துல எழுந்தமானமா ஒரு திங்கள், வேற ஒரு கிழமையிலயிருந்து ஒரு செவ்வாய், இப்பிடி ஏழு நாளும். அதே மாதிரி இரண்டு வாரம் கட்டினா 14 நாள், இரண்டு பத்திரிகைக்கும் 28 முதற்பக்கம். அதே கணக்குல 224 செய்தி, செய்யலாம். தொடர்ச்சியா ஒரே கிழமையை எடுத்தா என்ன பிழைனு கேட்டா, அந்தக் கிழமை தேர்தலோ வெள்ளமோ வந்தா உங்கட முழு முடிவும் அதோட சாய்ஞ்சிடும்.

பிறகு, நூற்றுக்குப் பத்துச் செய்தியாவது இன்னொரு ஆளையும் தனியா வகைப்படுத்தச் சொல்லி ஒப்பிடணும். இரண்டு பேரும் வேற வேற மாதிரிப் போட்டிருந்தா உங்கட வரைவிலக்கணம் தெளிவில்லைனு அர்த்தம். எண்ணத் தொடங்க முன்னம் அதைத் திருத்துங்க. இதை விட்டுட்டுப் போற பிள்ளைகள்தான் வைவாவுல, அதாவது வாய்மொழிப் பரீட்சையில மாட்டுறாங்க.

பழைய பத்திரிகைக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7லயே இருக்கு. வெள்ளவத்தையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு. இணையத்துல 'நூலகம்'ன்ற தளத்துலயும் (noolaham.org) தேடுங்க. சுப்பர்வைசரைக் கேட்க முன்னமே, உங்களுக்குத் தேவையான மாதங்களின் இதழ்கள் எல்லாம் அங்க முழுசா இருக்கானு போய்ப் பார்த்துட்டுப் போங்க. நடுவுல இதழ் விடுபட்டிருந்தா காலத்தை மாற்றவேண்டி வரும்.

மெயில் எழுதுறதைப் பற்றிக் கடைசியா. "மதிப்பிற்குரிய கலாநிதி அவர்களுக்கு"னு பெயரோட தொடங்குங்க. நேர்ல சேர், மிஸ்னு கூப்பிட்டாலும் எழுத்துல பட்டம் சரியா இருக்கணும். பேராசிரியரைக் கலாநிதினு எழுதிடாதீங்க. முதல் வரியில நீங்க யார், எந்த வருசம், பதிவிலக்கம். இரண்டாவது வரியில கேள்வி. மூன்றாவது, உங்களுக்கு வரக்கூடிய இரண்டு நேரம். ஒரு பக்கத் திட்டத்தை இணைங்க. ஒரு கிழமையில பதில் வரல்லனா, அதே மெயிலுக்குக் கீழ ஒரு வரி நினைவூட்டல். வாட்ஸ்அப்ல இரவு பத்து மணிக்கு "சேர் பார்த்தீங்களா"னு போடாதீங்க.

சம்மதிச்ச பிறகு, அத்தியாயம் அத்தியாயமாக் கொடுங்க, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிழமை விடுங்க. ஐந்து அத்தியாயம்னா வாசிக்க மட்டும் பத்துக் கிழமை, திருத்த உங்களுக்கு வேற நேரம். திகதியை இப்பவே கலண்டர்ல குறிச்சு, அந்தத் தாளில ஒரு பிரதியை சுப்பர்வைசருக்கும் கொடுங்க.

ஆர்டிஐ கடிதத்தை அடுத்த வீடியோல வரி வரியா எழுதிக் காட்டுறேன். மழையும் விட்டிடுச்சு. வாறேன்.