வென்றவன் முகத்துக்கு நேரே

நடுவர் அவர்களே, நீடாமங்கலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் போர்ப் பாடல்கள் போரை வளர்த்தனவா, தட்டிக் கேட்டனவா என்பது தலைப்பு. தட்டிக் கேட்டன என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். நேற்றைய போரில் கணவனைப் பறிகொடுத்தவள், இன்று பறை கேட்டதும் மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அதே பாட்டில் அந்தத் தாய் இன்னொன்றும் செய்கிறாளே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மகனின் பறட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி நீவி விடுகிறாள். அம்மா தலைவாரி விடுகிற வயது அவனுக்கு. 'ஒருமகன் அல்லது இல்லோள்' என்கிறார் புலவர். அந்த எண்ணெய்க் கையை நினைத்தால் எனக்குக் கைதட்ட வரவில்லை.

இன்று தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது கோயில்வெண்ணியைத் தாண்டித்தான் வந்தேன். சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சங்க காலத்து வெண்ணிப் போர்க்களம் அந்த ஊர்தான். அங்கே கரிகாலன் சேரனை வென்றான். முதுகில் புண்பட்ட சேரன், அந்த அவமானம் தாங்காமல் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிரை விட்டான்.

இனி, வெண்ணிக் குயத்தியாரைப் பாருங்கள். பேரே சொல்கிறது, நம் பக்கத்து ஊர்ப் பெண், மண்பாண்டம் வனையும் குடி. வெற்றி பெற்ற சோழனைப் பாட வருகிறார். அவன் முன்னோர் காற்றையே ஏவல்கொண்டு கப்பல் ஓட்டிய பெருமையை எல்லாம் சொல்லிவிட்டு, 'நின்னினும் நல்லன் அன்றே' என்கிறார். தோற்றுப் போய் வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா! ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்?

அந்தச் சேரனுக்காகக் கழாத்தலையார் பாடியது புறநானூற்றில் இதற்கு முந்தைய பாட்டு. முழவு ஒலிக்க மறந்தது, யாழ் பண்ணை மறந்தது, தயிர்ப்பானை கவிழ்ந்து கிடக்கிறது. உழவர் ஓசையும் இல்லை. டெல்டாக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? வயலில் சத்தமே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் உறையூர். கோட்டைக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்ட நலங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர்கள். புலவர் கோவூர் கிழார் போய் நிற்கிறார். 'எதிரே இருப்பவன் பனந்தோடு சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி' என்கிறார். 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.' உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான்!

நடுவர் அவர்களே, ஒரு படையே ஆயுதத்தோடு நிற்கும்போது சொன்ன வார்த்தை இது. இந்தப் பாட்டு எந்தப் போரை வளர்த்தது? எதிரணி பதில் சொல்லட்டும்.