வண்டியைத் தூக்கினா முதல்ல லிஸ்ட் கேளுங்க: வேலூர் ரோட்டோர வியாபாரிக்குச் சட்டம் இன்னா சொல்லுது

வணக்கம் மக்களே. இப்ப லாங்கு பஜார் பக்கம் நிக்கறோம். பின்னாடி தெரியறது நேதாஜி மார்க்கெட். மணி ஒம்போதரைதான் ஆவுது, வெயில் அதுக்குள்ள மண்டையப் பொளக்குது.

மொதல்ல ஒரு குழப்பத்தத் தீத்துடலாம். மார்க்கெட் உள்ள கடை வச்சிருக்கறவங்க மாநகராட்சி கட்டடத்துல வாடகைக்கு இருக்கறவங்க. அவங்க கணக்கு வேற, ஏலம், வாடகை பாக்கி, அதெல்லாம் இந்த வீடியோவுல இல்ல. நாம பேசப் போறது வெளிய தரையில சாக்கு விரிச்சவங்க, தள்ளுவண்டிக்காரங்க, கூடைக்காரம்மா, சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்ல எளநி வெட்டறவர், இவங்களப் பத்தி. இவங்களுக்குன்னு 2014-ல தனிச் சட்டமே இருக்குது. சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம்னு பேரு. 2014 மே 1-ல இருந்து நடைமுறையில இருக்குது. தமிழ்நாட்டுக்குத் திட்டமும் விதிகளும் 2015-ல வந்துச்சு.

சரி, நேரா விஷயத்துக்கு. லாரி வந்து நிக்குது, ரெண்டு பேரு வண்டியத் தூக்கறாங்க. அந்த நேரத்துல கைய கால புடிச்சி அழறதுல பிரயோஜனமில்ல, சண்டை போட்டா இன்னும் மோசம், அரசு வேலையைத் தடுத்தான்னு கேஸ் ஆயிடும். கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "சார், எடுத்துக்கினு போற பொருளுக்கு லிஸ்ட் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க." சட்டத்தோட 19-ஆம் பிரிவு இதச் சொல்லுது. பொருள எடுத்தா பட்டியல் போடணும், எடுக்கற அதிகாரி கையெழுத்து போட்டு ஒரு நகல வியாபாரிகிட்ட குடுக்கணும்.

"அதெல்லாம் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கம்மா"ன்னு சொல்லுவாங்க. அப்ப நீங்களே எழுதுங்க. எப்படின்னு காட்டறேன், இந்த நோட்டப் பாருங்க. காய்கறி வண்டின்னு வச்சிக்குவோம். நாலு சக்கரத் தள்ளுவண்டி 1. எலக்ட்ரானிக் தராசு 30 கிலோ 1, அதுல அடிச்சிருக்கற நம்பர். தக்காளி மூணு பொட்டி, மொத்தம் இத்தன கிலோ. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா 12 கிலோ. பெரிய குடை 1, தார்ப்பாய் 1. கல்லாவுல இருந்த பணம் எவ்ளோ. கீழ தேதி, நேரம், இடம், லாரி நம்பர், பக்கத்துக் கடைக்காரங்க ரெண்டு பேரு கையெழுத்து. "காய்கறிகள்"னு மொத்தமா ஒரே வார்த்தைல எழுதாதீங்க. பின்னால தராசு காணோம்னா, அது வண்டியில இருந்ததுக்கே சாட்சி இருக்காது.

இப்ப சொல்லப்போறதுதான் இந்த வீடியோவுல முக்கியம். அழுகற பொருள அன்னிக்கே திருப்பித் தரணும், மத்தத ரெண்டு வேலை நாள்ல தரணும்னு சட்டம் சொல்லுது. நிறைய பேரு இதப் பறிமுதல் பண்ண நாள்ல இருந்து கணக்கு போடறாங்க. தப்பு. நீங்க "என் பொருளத் திருப்பிக் குடுங்க"ன்னு கேட்ட நாள்ல இருந்துதான் கணக்கு. சனிக்கெழம தூக்கினத திங்கக்கெழம போயி கேட்டா, அவங்க பக்கம் சட்டப்படி தப்பே இல்ல, ஆனா தக்காளி எப்பவோ தண்ணி ஆயிருக்கும். அதனால அன்னிக்கே, முடிஞ்சா அந்த ஒரு மணி நேரத்துலயே, மாநகராட்சி ஆணையர் பேருக்கு மனு குடுங்க. ரெண்டு காப்பி எடுத்துக்கினு போங்க. ஒண்ணு தபால் பிரிவுல குடுத்துட்டு, இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்கிக்குங்க. சீல் இல்லாத மனு, குடுக்காத மனு மாதிரிதான். திட்டத்துல சொல்லியிருக்கற கட்டணத்தக் கட்டச் சொல்லுவாங்க. கட்டுங்க, ரசீது வாங்குங்க. ரசீது இல்லாம கையில குடுக்கற காசு எந்தக் கணக்குலயும் வராது, நாளைக்கு அதே லாரி திரும்ப வரும்.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்குது: தூக்கவே அதிகாரம் உண்டா? 18-ஆம் பிரிவுப்படி ஒருத்தர அந்த எடத்துல இருந்து எடுக்கணும்னாலோ வேற எடத்துக்கு மாத்தணும்னாலோ 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். அந்தக் கெடு முடிஞ்சும் போகலன்னாதான் கை வைக்கலாம், பொருள எடுக்கலாம். கெடு தாண்டினா ஒரு நாளைக்கு 250 ரூபா வரைக்கும் அபராதம் போடலாம், ஆனா எடுத்த பொருளோட மதிப்பத் தாண்டக் கூடாது. 8,000 ரூபா பொருளுக்கு 10,000 அபராதம்னு யாராவது சொன்னா அது சட்டத்துல இல்ல. மைக்குல "எல்லாரும் எடுங்க எடுங்க"ன்னு சொல்லிக்கினு போறது நோட்டீஸ் இல்ல.

இந்தப் பாதுகாப்பெல்லாம் எதுல நிக்குதுன்னா, கணக்கெடுப்புல. நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். தலைவர் ஆணையர். உறுப்பினர்ல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிங்க, அதுவும் வியாபாரிங்களே ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க. அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. இந்தக் குழு அஞ்சு வருஷத்துக்கு ஒருதரமாவது கணக்கெடுத்து, பேரு இருக்கறவங்களுக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தரணும். கணக்கெடுப்பு முடிஞ்சி எல்லாருக்கும் சான்றிதழ் குடுக்கற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாதுன்னு 3-ஆம் பிரிவு நேராவே சொல்லுது.

கணக்கெடுக்க வரப்ப நடக்கற கூத்து ஒண்ணு சொல்றேன். அவங்க பகல் பதினோரு மணிக்கு வருவாங்க. சாயங்காலம் மட்டும் போண்டா போடறவரு, பேல்பூரி வண்டிக்காரரு, ராத்திரி இட்லிக்கடை அக்கா, யாருமே அந்த நேரத்துல ரோட்டுல இல்ல. பேரு விட்டுப்போவுது. மூணு மாசம் கழிச்சி "உன் பேரு லிஸ்டுலயே இல்லியே"ன்னு கேப்பாங்க. நம்ம ஊருல 60 வார்டு, 4 மண்டலம். உங்க வார்டுக்கு எப்ப வராங்கன்னு மண்டல ஆபீசுல கேட்டு வச்சிக்கினு, அன்னிக்கு வியாபாரம் இல்லன்னாலும் வண்டியோட அங்க நில்லுங்க. விட்டுப்போயிருந்தாலும் வாசல் மூடல. ரெண்டு கணக்கெடுப்புக்கு நடுவுல வியாபாரம் பண்ண விரும்பறவங்களுக்கும், எடம் கொள்ளற அளவு பாத்து, குழு சான்றிதழ் தரலாம்.

அந்த அளவுக்கும் கணக்கு இருக்குது. மக்கள்தொகையில இரண்டரை சதவீதம். 8,000 பேரு இருக்கற வார்டுன்னா 200 வியாபாரி. ஆளு அதிகமானா குலுக்கல் போடுவாங்க, மிச்சம் இருக்கறவங்களுக்குப் பக்கத்து விற்பனைப் பகுதியில எடம் குடுக்கணும். வெறுங்கையோட அனுப்ப முடியாது.

"டெய்லி சுங்கம் கட்டறேன், சீட்டு இருக்குது, அப்புறம் இன்னா?"ன்னு கேப்பீங்க. சுங்கச் சீட்டு லைசென்ஸ் இல்ல மக்களே. ஆனா தூக்கிப் போட்றாதீங்க. அந்தத் தேதியில அந்த எடத்துல நீங்க வியாபாரம் பண்ணீங்கங்கறதுக்கு அத விட நல்ல சாட்சி கெடையாது. வெயில்ல வச்சா அந்தச் சீட்டுல எழுத்து அழிஞ்சிடும், மாசத்துக்கு நாலஞ்சி சீட்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. அதே மாதிரி பிரதமர் ஸ்வநிதி கடனும். ரோட்டோர வியாபாரிங்களுக்குன்னே 2020 ஜூன்ல வந்த திட்டம், இப்ப தவணை தவணையா 15,000, 25,000, 50,000-ன்னு அடமானம் இல்லாம குடுக்கறாங்க. நல்ல திட்டம்தான், வட்டிக்காரன்கிட்ட போறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆனா கடன் வந்துட்டா எடம் நம்மளுதுன்னு நெனைக்காதீங்க.

சான்றிதழ் கையில வந்தப்புறம் எங்க கோட்டை விடறாங்கன்னா, வகையில. நிலையான வியாபாரி, நடமாடும் வியாபாரின்னு அதுலயே போட்டிருக்கும். நடமாடும் வியாபாரின்னு வாங்கிட்டு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆரணி ரோட்டுல ஒரே எடத்துல நின்னா, அது நிபந்தனை மீறல். 2,000 ரூபா வரைக்கும் அபராதம் போடலாம். சான்றிதழ் இல்லாம வியாபாரம் பண்ணாலும் அதே 2,000 வரைக்கும்தான். நாள் முழுக்க ஒரே எடத்துல நிக்கறவரு விண்ணப்பத்துலயே நிலையானன்னு எழுதுங்க. இன்னொண்ணு, எடத்த உள்வாடகைக்கு விடறது. "டெய்லி 200 குடுத்துட்டு நீ போட்டுக்க"ன்னு விட்டவரு சான்றிதழ இழப்பாரு. வீட்டுக்காரம்மாவோ புள்ளையோ உக்காரலாம், வெளி ஆளு கூடாது. வியாபாரி இறந்துட்டாலோ நெரந்தரமா முடியாமப் போனாலோ மனைவி, இல்லன்னா கணவர், அதுக்கப்புறம் அவர நம்பியிருக்கற புள்ளைங்க, சான்றிதழ் காலம் முடியற வரைக்கும் நடத்தலாம். ரத்து பண்ணணும்னாலும் உங்க பக்கத்தக் கேக்காம பண்ண முடியாது, அதுக்கு மேல மாநகராட்சிக்கே மேல்முறையீடும் உண்டு.

சான்றிதழ் நிபந்தனைப்படி நடக்கறவர போலீசோ வேற எந்த அதிகாரியோ வேற சட்டத்தக் காட்டித் தடுக்கக் கூடாதுன்னு 27-ஆம் பிரிவு இருக்குது. பர்சுல வைக்காதீங்க, லேமினேஷன் போட்டு வண்டியில தொங்க விடுங்க.

காட்பாடி ஜங்ஷன்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. ரயில்வே எடத்துக்கும் ரயிலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டேஷன் காம்பவுண்டுக்கு வெளிய மாநகராட்சி ரோட்டுல நிக்கறீங்களா, ரயில்வே நெலத்துல நிக்கறீங்களான்னு பத்தடி வித்தியாசத்துல எல்லாமே மாறிடும். குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சி, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் பேரூராட்சி, இவங்களுக்கெல்லாம் சட்டம் பொருந்தும்.

சில்லறை விஷயம் ரெண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறையில முத்திரை போடணும், எடைக்கல்லுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம். பஜ்ஜிய நியூஸ்பேப்பர்ல மடிச்சிக் குடுக்காதீங்க, ஒருதரம் தூக்கிப் போடற பிளாஸ்டிக் கவரு 2019 ஜனவரி 1-ல இருந்தே தமிழ்நாட்டுல தடை. இந்த ரெண்டையும் சாக்கா வச்சித்தான் பாதி ரெய்டு நடக்குது.

"இங்க வியாபாரம் கூடாது, கூட்டமா இருக்குது"ன்னு போர்டு வச்சா? ரொம்ப நாளா தானா உருவான சந்தை, கணக்கெடுப்புல பதிவான எடம், அத விற்பனைத் தடை பகுதின்னு அறிவிக்க முடியாது. கூட்டம் அதிகம்ங்கறது காரணம் ஆகாதுன்னு சட்டத்தோட அட்டவணைலயே இருக்குது. அதனால போர்டு வந்தா, எந்தத் தேதி தீர்மானம்னு கேளுங்க.

அதுக்கு வழி தகவல் உரிமைச் சட்டம். வெள்ளப் பேப்பர்ல, மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்க. "நகர விற்பனைக் குழு உறுப்பினர் பட்டியல், கடைசிக் கணக்கெடுப்பு நடந்த தேதி, என் வார்டுல பதிவான வியாபாரிகள் பட்டியல், இந்தத் தெருவ விற்பனைத் தடை பகுதின்னு அறிவிச்ச தீர்மான நகல்." இந்த நாலும் போதும், அஞ்சாவதா "ஏன் இப்படிச் செய்யறீங்க"ன்னு கேள்வி கேக்காதீங்க, ஏன்னுக்கு பதில் வராது. 30 நாள்ல பதில் தரணும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வையுங்க.

வக்கீலுக்குக் காசு இல்லன்னா சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்குது. பொம்பளைங்க, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிங்களுக்கு வருமானம் பாக்காம இலவசம். போன் 15100. போறப்ப சுங்கச் சீட்டு ஜெராக்ஸ், சீல் போட்ட மனு, பொருள் லிஸ்ட், மூணையும் எடுத்துக்கினு போங்க. கமெண்டுல உங்க வார்டு நம்பரு போட்டுக் கேளுங்க, பாக்கறேன்.