தன் முதுகு தனக்குத் தெரியாது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மறுக்க மறுக்க மாலை போட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கப் பெரியவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, வணக்கம்.

அமெரிக்கப் போலீஸ் சங்கங்களைப் பற்றி மூன்று விஷயம்: வரலாறு, ஒப்பந்தம், நீதிமன்றம்.

1919, பாஸ்டன். போலீஸ்காரர் சீருடையைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். நிலையமெல்லாம் எலி. கழற்றி வைத்த தலைக்கவசத்தையே எலி கடித்துவிடும். திருடனைப் பிடிக்கிறவருக்கு எலியைப் பிடிக்க முடியவில்லை! சங்கம் வைத்தார்கள். ஆணையர் 19 பேரை சஸ்பெண்ட் செய்தார். செப்டம்பர் 9 அன்று 1,100 பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. பொதுமக்கள் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்த உரிமை யாருக்கும் கிடையாது என்றார் ஆளுநர் கால்வின் கூலிட்ஜ். போனவர்களைத் திரும்ப எடுக்கவே இல்லை. புதிதாக வந்தவர்களுக்கோ கூடுதல் சம்பளம், இலவசச் சீருடை! கேட்டவன் தெருவில், கேட்காதவனுக்குச் சட்டை. அதனால், அவர்களுக்கும் சங்கம் வேண்டும் என்கிற கட்சிதான் நான்.

சரி, ஒப்பந்தம்: நகரசபையும் போலீஸ் சங்கமும் செய்துகொள்வது. நான் போகிற மேடையெல்லாம் சொல்கிற பழமொழிதான்: தன் முதுகு தனக்குத் தெரியாது. பல நகரங்களில் சம்பளம் பேசுகிற அதே மேசையில் தண்டனையையும் பேசுகிறார்கள். புகாருக்கு ஆளானவரை எத்தனை நாள் கழித்து விசாரிக்கலாம், பழைய தண்டனைக் குறிப்பை எப்போது கோப்பிலிருந்து எடுத்துவிடலாம், எல்லாம் அதில் வருகிறது. வேலைநீக்கம் செய்யப்பட்டவரை, தகராறு தீர்க்கும் நடுவர் திரும்ப வேலைக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. கஜானாவில் காசில்லாத நகரசபை விசாரணை விதியை விட்டுக்கொடுக்கும்; அதற்குச் செலவில்லை பாருங்கள். கண்ணாடியை எங்கே மாட்டுவது என்று முதுகே முடிவு செய்தால் எப்படி?

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே சியாட்டில் வட்டாரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, ஓட்டெடுத்து அந்த நகரப் போலீஸ் சங்கத்தைத் தன்னிடமிருந்து வெளியேற்றியது. செய்தியைப் படித்துக் கைதட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: கூடவே இருந்து 'உன் முதுகில் அழுக்கு' என்று சொல்ல இனி எந்தத் தோழன்?

நீதிமன்றத்துக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் கோரிக்கை ஒன்றுதான்: ஓட்டுக்கு விடுமுன் ஒப்பந்தத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பகுதியை நகரசபை பொதுவில் வாசிக்க வேண்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. போன கூட்டத்தில் பேனா மட்டும் போய்விட்டது. இந்த முறை கயிறு கட்டியிருக்கிறோம்.