மலர்க் காட்சிக்குப் போனா பூவை மட்டும் பாத்துட்டு வராதீங்க!

வணக்கம் மக்களே! மாடியில நாலு தொட்டி வெச்சிருக்கறவங்க தொடங்கி நாப்பது தொட்டி வெச்சிருக்கறவங்க வரைக்கும் எல்லாருக்கும்தான் இந்த வீடியோ.

மே மாசம் வந்துட்டா நீலகிரியில ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு காட்சிதான். கோத்தகிரி நேரு பூங்காவுல காய்கறிக் காட்சி, கூடலூர்ல வாசனை திரவியக் காட்சி (ஏலக்காய், மிளகு மாதிரி மசாலாப் பொருளுக்கு), ஊட்டியில ரோஜாக் காட்சி, தாவரவியல் பூங்காவுல பெரிய மலர்க் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவுல பழக் காட்சி. அந்தப் பக்கம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவும் சும்மா இருக்காது. இந்தக் கோடையில இதுல முக்காவாசி சுத்திட்டேன். செடி வளக்கற கண்ணோட பாத்தா அங்க என்னென்ன கத்துக்கலாம்னு சொல்றேன்.

முதல்ல ஊட்டி தாவரவியல் பூங்கா. 1848-ல உருவாக ஆரம்பிச்ச தோட்டம் அது. மெக்ஐவர்ங்கறவர்தான் அந்தச் சரிவைத் திருத்தித் தோட்டமா ஆக்கினார். 2023-ல அங்க நடந்தது 125-வது மலர்க் காட்சி. உள்ள போனதும் கூட்டம் எல்லாம் பூவால செஞ்ச பெரிய உருவங்கள் முன்னாடி நிக்கும். அழகுதான், நானும் போட்டோ எடுத்துக்கிட்டேன். ஆனா அது வெட்டின பூவைக் குத்தி வெச்சது. நம்ம கத்துக்க வேண்டியது படிப்படியா தொட்டி அடுக்கி வெச்சிருக்கற காட்சி மாடத்துலதான் இருக்கு. பெட்டூனியா, சால்வியா, பேன்ஸி, சினரேரியா, டெல்பினியம்... கண்ணு கொள்ளாது.

அங்க நின்னு பூவை விட்டுட்டு கொஞ்சம் கீழ பாருங்க. ஒரு பெட்டூனியாவுல எத்தனை கிளைன்னு எண்ணிப் பாருங்க. ஒத்தைத் தண்டா நெட்டுக்கு வளந்த செடி ஒண்ணு கூட இருக்காது. நாலஞ்சு ஜோடி இலை வந்ததுமே நுனியைக் கிள்ளி விட்டிருப்பாங்க. கிள்ளினா பக்கக் கிளை வெடிக்கும், ஒவ்வொரு கிளை நுனியிலயும் மொட்டு வரும். தொட்டியோட வாய்ல மண்ணு தெரியாத அளவுக்குச் செடி மூடியிருக்கறதுக்குக் காரணம் இதுதான், ஏதோ விசேஷ உரம் இல்ல. அதோட தொட்டி எவ்வளவு சின்னது பாருங்க! வேர் தொட்டியை நல்லா நிரப்பின பிறகுதான் பல செடி முழு வேகத்துல பூக்கும். பெரிய பையில ஒரே ஒரு நாத்தை நட்டுட்டு ஏன் இலையா வருதுன்னு கேக்கறவங்க இதைக் கவனிங்க. தழைச்சத்தும், அதாவது நைட்ரஜன் உரமும், அளவுக்கு மேல போயிருந்தா சந்தேகமே இல்ல, இலைதான்.

அங்க களை எடுத்துட்டிருந்த ஒரு அக்காகிட்ட, "இதெல்லாம் எப்போக்கா விதைச்சது?"ன்னு கேட்டேன். "டிசம்பர்லயே போட்டாச்சும்மா. பனி விழும்ல, கருகிடாம மூடி மூடி வெச்சுத்தான் இவ்வளவு தூரம் கொண்டு வந்தோம்"னாங்க. அவங்க கைக்கு நான் கும்பிடு போட்டுட்டுத்தான் நகந்தேன். மே மாசக் காட்சிக்கு டிசம்பர்ல விதை! காட்சித் தேதியை முதல்ல வெச்சுக்கிட்டு, அங்கேர்ந்து பின்னாடி எண்ணிட்டே வந்து விதைக்கறாங்க. நம்ம மாடியிலயும் பொங்கலுக்குப் பூ வேணும்னா மார்கழியில விதைச்சுப் பிரயோஜனம் இல்ல. அக்டோபர்ல நாத்து விட்டாகணும். பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும், அதை மண் போட்டு மூடாதீங்க. வெளிச்சம் பட்டாதான் நல்லா முளைக்கும்.

ரோஜாப் பூங்காவும் இதே கணக்குதான். மலர்க் காட்சியோட நூற்றாண்டு நினைவா 1995-ல உருவாக்கினது. 2006-ல உலக ரோஜாச் சங்கங்களோட கூட்டமைப்பு அதுக்கு விருதே குடுத்திருக்கு. அந்தச் சரிவுல மொத்தமா பூத்து நிக்கறதுக்கு வருஷ ஆரம்பத்துலயே எல்லாச் செடியையும் கவாத்து பண்ணிடறாங்க, அதாவது பழைய கிளையை வெட்டி விட்டுடறாங்க. கவாத்து பண்ண மனசு வராம ரோஜாவைக் குச்சி குச்சியா வளத்து வெச்சிருக்கறவங்க, அங்க போய் அடித்தண்டைப் பாருங்க. எவ்வளவு தைரியமா வெட்டியிருக்காங்கன்னு புரியும்.

இப்போ எல்லாரும் கேக்கற கேள்வி: "அங்க பாத்ததை வாங்கி வந்து நம்ம மாடியில வெக்கலாமா?" கோடையில வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினா தோராயமா ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. மே மாசத்துலயே அங்க ராத்திரி 12 டிகிரி பக்கம் போகும், கீழ சமவெளியில ராத்திரியிலயும் 27, 28. பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டிடலாம், ராத்திரிச் சூட்டுக்கு என்ன கட்டுவீங்க? பகல்ல சேத்த சத்தை ராத்திரி மூச்சு விட்டே செலவழிச்சுடும் அந்தச் செடி. பேன்ஸி, சினரேரியா எல்லாம் அப்படித்தான் நூலா இளைச்சுப் போகும்.

ஹைட்ராஞ்சியாப் பூவும் மலையில இருக்கற மாதிரி கீழ வராது, ஆனா இதுக்குக் காரணம் வேற. மலையில அந்த நீல நிறத்துக்குக் காரணம் புளிப்பான மண்ணு. மண்ணுல புளிப்பு இருந்தா அலுமினியம் கரைஞ்சு செடிக்குள்ள ஏறும், பூ நீலமாகும். நம்ம போர் தண்ணி பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்புமா இருக்கும். அதை ஊத்த ஊத்த பூ ரோஸ் நிறத்துக்குப் போயிடும், இலையும் வெளுக்கும். நீலம்தான் வேணும்னா மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க.

நம்ம வெயிலுக்குன்னே பூக்கற கூட்டம் தனியா இருக்குங்க. நித்தியகல்யாணி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா, பத்துமணிப்பூ, இட்லிப்பூ, காகிதப்பூ. மல்லிகைக்கு வெயில் ஏறினாதான் பூவே. ஊட்டியில பாத்த அடுக்கும் முறையை அப்படியே எடுத்து இந்தச் செடிகளை வெச்சு பண்ணுங்க. உயரமானது பின்னாடி, குட்டையானது முன்னாடி, ஒரே நிறம் ஒரு படி முழுக்க. மே மாசத்துல நம்ம மாடியும் காட்சி மாடம்தான். நான் கோழிக்கொண்டையைப் பின்னாடியும் பத்துமணிப்பூவை முன்வரிசையிலயும் வெச்சிருக்கேன், இதோ கேமராவைத் திருப்பறேன் பாருங்க.

சிம்ஸ் பூங்கா பத்திச் சுருக்கமா. பழ உருவங்களைப் பாத்ததும் கிளம்பிடாதீங்க. 1874-லேர்ந்து இருக்கற பூங்கா, அங்க உள்ள ருத்திராட்ச மரத்தைப் பாக்காம வராதீங்க.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் நடைமுறை இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி அப்போதைய விதியைப் பாத்துக்கோங்க. காட்சியோட முதல் ரெண்டு நாள்ல, காலையிலயே உள்ள போயிடுங்க. பூ வாடாம இருக்கும், கூட்டமும் கம்மி.

அப்புறம், அங்கேர்ந்து விதை பறிக்கறது தப்பு, பிரயோஜனமும் இல்ல. காட்சிக்கு வெக்கற பெட்டூனியா மாதிரி செடிகள்ல பெரும்பாலும் எஃப்-1 கலப்பின ரகம்தான் (ரெண்டு தனி ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை), அதுல எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. செடிப் பெயர்ப் பலகையைப் போட்டோ எடுத்துட்டு வாங்க, அந்த ரகத்தோட விதைப் பாக்கெட்டை செப்டம்பர்லயே வாங்கி வெச்சுடுங்க.