வருத்தம் வராதவர்களின் இரத்தம்

(கிளிநொச்சியில் உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை. பேசும்போது நீண்டுபோன சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் பெரியவர்களைத் தனித்தனியே விளித்தால் எனக்குத் தந்த நேரம் அதிலேயே போய்விடும். அவர்கள் மன்னிப்பார்கள்.

நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்டதும் ஒரு நண்பர் சிரித்தார். “ஜீன் மருத்துவமோ? பனடோலுக்கே கிளினிக்கில் வரிசையில் நிற்கிற சனத்துக்கு அது என்னத்துக்கு?” என்றார். நியாயமான கேள்விதான். நான் சொல்லப்போகும் மருந்தின் பெயர் காஸ்ஜெவி. தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தத்துக்கு, ஜீனைத் திருத்திச் செய்கிற சிகிச்சை அது. ஒரு ஆளுக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 இலட்சம் டொலர். எங்கள் காசுக்கு அறுபது கோடி ரூபாவுக்கு மேல். அதை வாங்குவதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால், எங்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் அந்த வருத்தம், அதாவது நோய், என்ன என்று சொல்கிறேன். இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது ஈமோகுளோபின். அதில் அல்பா சங்கிலி இரண்டு, பீற்றா சங்கிலி இரண்டு. பீற்றாவைச் செய்யும் பரம்பரையலகு (ஜீன்) தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்றாக வருகிறது. இரண்டும் பழுதாக வந்தால் அதுதான் கடுமையான பீற்றா தலசீமியா. பிறக்கும்போது பிள்ளை நல்ல கொழுகொழுவென்று இருக்கும். ஆறு மாதம் கழிய வெளிறத் தொடங்கும், பால் குடிக்கக் களைக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னுக்குத் தள்ளும். பிறகு மூன்று நான்கு கிழமைக்கு ஒருக்கால் இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு வெளியே போக வழியில்லாமல் இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை எடுக்க, வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சின்னப் பம்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு இரவு முழுக்கப் படுக்க வேண்டும். இப்போது குளிசைகளும் வந்துவிட்டன. என்றாலும் அந்தப் பம்போடு வளர்ந்த பிள்ளைகள் இன்றும் எங்கள் நாட்டில் பெரியவர்களாக இருக்கிறார்கள்.

இலங்கையில் இது குருநாகல், அனுராதபுரம் பக்கம்தான் அதிகம். வவுனியாவில் பஸ் ஏறினால் அனுராதபுரம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பரம்பரையலகுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன். வன்னியில் மலேரியா கொட்டிக் கிடந்த காலம் அது. தொண்ணூறுகளில் மருந்துத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. காய்ச்சலோடு வருகிற ஆளின் விரலைக் குத்தி, கண்ணாடியில் ஒரு சொட்டைத் தடித்த படலமாகவும் இன்னொன்றை மெல்லியதாகவும் இழுத்து, கீம்சா சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் கிருமி தேடுவோம். அந்த மெல்லிய படலத்தில் சிலருடைய செங்குழியங்கள் சிறிதாக, வெளிறி, நடுவில் ஒரு புள்ளியோடு வில்வித்தைப் பலகை மாதிரித் தெரியும். அதற்கு ‘இலக்குக் கலம்’ என்று பெயர். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஆகவே அந்தக் கலங்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மிஞ்சினால் இரும்புச்சத்துக் குறைவு என்று எழுதி அனுப்புவார்கள்.

ஆனால் மலேரியாவுக்கும் அந்தக் கலங்களுக்கும் தொடர்பு உண்டு. ஒரு பீற்றா பரம்பரையலகு மட்டும் பழுதான ஆளுக்கு இப்படிக் கலங்கள் இருக்கலாம், ஆனால் வருத்தம் இல்லை. அவர் வெறும் காவி, பழுதைச் சுமப்பவர் மட்டும்தான். மலேரியா அப்படிப்பட்டவரைக் கொல்வது குறைவு என்று 1949இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஊகித்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. நுளம்பு மிகுந்த ஊர்களில் காவிகள் தப்பிப் பிழைத்தார்கள், பெருகினார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்துவிட்டது. மலேரியா போய்விட்டது. அது விட்டுப்போன பரம்பரையலகு மட்டும் எங்கள் உடம்பில் இருக்கிறது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். டேவிட் வெதரோல் என்ற ஆங்கிலேய டொக்டர் ஐம்பதுகளில் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே ஒரு நேபாளக் கூர்க்கா வீரரின் குழந்தை காரணம் தெரியாத சோகையோடு வந்தது. தேடிப் பார்த்தால் தலசீமியா. மத்தியதரைக் கடல் பக்கத்து வருத்தம் என்று எண்ணியிருந்தது ஆசியாவில்! அந்த ஒரு குழந்தை அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. பிற்காலத்தில் அவரும் ஒக்ஸ்போர்ட் குழுவும் குருநாகலுக்கு வந்து, இங்குள்ள டொக்டர்மாரோடு வேலை செய்தார்கள். நூற்றுக்கு இரண்டு பேரளவில் பீற்றா காவிகள் என்ற கணக்கு எங்களுக்குக் கிடைத்தது அந்த வேலையால்தான்.

வெதரோலிடம் ஆராய்ச்சிக்குப் போனவர்களில் ஒருவர் சுவீ லே தெய்ன். மலேசியாக்காரி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் அவர்தான். ஏனென்றால், எல்லோரும் வருத்தக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வருத்தம் வந்திருக்க வேண்டியும் வராதவர்களைப் பார்த்தார்.

கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். கருவில் இருக்கும் பிள்ளைக்குப் பீற்றாச் சங்கிலி தேவையில்லை. அதற்குப் பதில் காமா என்று ஒன்று வேலை செய்யும். அதுதான் கருக்கால ஈமோகுளோபின். இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்து, பிள்ளை பிறந்ததும் அதைப் பூட்டி, மற்றத் துருசைத் திறக்கிறார்கள். தலசீமியாப் பிள்ளைக்கு இரண்டாவது துருசு உடைசல். முதலாவது நல்ல நிலையில்தான் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். 1948இலேயே ஜனெட் வாற்சன் என்ற நியூயோர்க் குழந்தை வைத்தியர், பீற்றாப் பழுதால் வரும் இன்னொரு வருத்தமான அரிவாள் வடிவச் செங்குழியச் சோகையுள்ள சிசுக்களுக்கு முதல் மாதங்களில் ஒன்றும் வராததைக் கவனித்து, காவல் செய்வது கருக்கால ஈமோகுளோபின்தான் என்று எழுதினார்.

அப்படியானால் பூட்டுவது யார்? ஒரு பெரிய இந்தியக் குடும்பம் தெய்னின் கண்ணில் பட்டது. தலசீமியாவும் அந்தக் குடும்பத்தில் ஓடுகிறது, வளர்ந்த பிறகும் நிற்காத கருக்கால ஈமோகுளோபினும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து வந்தவருக்கு வருத்தம் லேசு. தலைமுறை தலைமுறையாக அந்த உறவுகளின் இரத்தத்தைச் சேர்த்து, யாருக்கு என்ன என்று அவர் வரைந்தார். விடையின் ஒரு பகுதி ஆறாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) கிடைத்தது. அப்புறம் லண்டனில் வருத்தம் ஒன்றும் இல்லாத இரட்டையர்களை எடுத்து, கருக்கால ஈமோகுளோபின் கூடியவரையும் குறைந்தவரையும் ஒப்பிட்டார். 2007இல் இரண்டாம் நிறமூர்த்தத்தில் பி.சி.எல்.11ஏ என்ற பரம்பரையலகில் வந்து நின்றது தேடல்.

அதுவரை அந்தப் பரம்பரையலகுக்கும் ஈமோகுளோபினுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அடுத்த வருடமே பொஸ்டனில் ஸ்டுவர்ட் ஓர்கினின் ஆய்வுகூடத்தில், அப்போது மாணவராக இருந்த விஜய் சங்கரன், காமாவைப் பூட்டுகிற ஆள் இதுதான் என்று காட்டினார். ஆனால் இதை முழுவதும் அழிக்க முடியாது. மூளைக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் அது வேண்டும். 2013இல் டானியல் பவரும் ஓர்கினும், செங்குழியத்தில் மட்டும் அதை வேலை செய்ய வைக்கும் ஒரு சின்னத் துண்டைக் கண்டார்கள். அந்தத் துண்டை வெட்டினால் போதும்.

வெட்டும் கருவி அதற்குள் வந்துவிட்டது. பரம்பரையலகைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், 2020இல் நோபல் பரிசும் கிடைத்தது. பத்திரிகைகள் கத்தரிக்கோலைத்தான் கொண்டாடின. எங்கே வெட்டுவது என்று தெரியாதவன் கையில் கத்தரிக்கோல் இருந்து என்ன? 2024இல் தெய்னுக்கும் ஓர்கினுக்கும் ஷோ என்ற விஞ்ஞானப் பரிசு கொடுத்தபோது, கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம்.

அந்தத் துண்டைக் கிறிஸ்பரால் வெட்டுகிற சிகிச்சைதான் காஸ்ஜெவி. அது லேசானதல்ல. இரத்தக் கலங்களை உண்டாக்கும் தண்டுக்கலங்களை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் வெட்டித் திருத்துவார்கள். அதற்குப் பிறகு புசல்பான் என்ற கடும் மருந்தால் பழைய என்புமச்சையை அழித்து, திருத்திய கலங்களைத் திரும்ப ஏற்றுவார்கள். கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரி. தலைமயிர் கொட்டும், பிள்ளைப்பேறு இல்லாமலும் போகலாம். ஆனால் பலனைப் பாருங்கள். போதிய காலம் கண்காணித்த 35 தலசீமியா நோயாளிகளில் 32 பேர் ஒரு வருடமோ அதற்கு மேலோ இரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். 2023 நவம்பரில் பிரித்தானியா முதலில் அனுமதி கொடுத்தது.

விலை என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் சனம் வருத்தத்துக்குப் போய்வருகிற வேலூரிலேயே, குருதி உறையாத ஈமோபீலியாவுக்கு அலோக் சிறீவஸ்தவாவின் குழு ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து, யாருக்கும் இரத்தப்பெருக்கு வரவில்லை என்று 2024இல் அறிவித்தது. அது வேறு வருத்தம், வேறு முறை. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது.

சரி, நாளைக்கு நாங்கள் என்ன செய்யலாம்? சோகை என்று வருடக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கியும் ஏறாத பெண் பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். முழு இரத்தப் பரிசோதனைத் துண்டை எடுத்துப் பாருங்கள். செங்குழியத்தின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற இடத்தில் 80க்குக் குறைவாகவும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அளவு சரியாகவும் இருந்தால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். அதில் ஈமோகுளோபின் ஏ2 நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் வந்தால் அநேகமாகக் காவிதான். அவமானப்பட ஒன்றுமில்லை. மலேரியாவில் தப்பிய பூட்டன் பூட்டியின் சொத்து அது.

சொந்தத்துக்குள் கட்டுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மச்சானுக்கும் மச்சாளுக்கும் ஒரே தாத்தா பாட்டி. இரண்டு பேரும் காவியானால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போட வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு. கருவில் கண்டுபிடித்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைக்க எங்கள் சட்டம் இடம் தராது. அதனால்தான் கலியாணத்துக்கு முன்பே என்று அடித்துச் சொல்கிறேன்.

தேநீர் குடிக்கும்போது ஒரு அம்மா கேட்டார்: “குறிப்புப் பொருந்தி, நாளும் வைத்தாச்சு. இப்ப போய்ப் பார்த்து வந்துவிட்டால் கலியாணத்தைக் குழப்பிறதோ?” இல்லை அம்மா. ஒருவர் மட்டும் காவி என்றால் தாராளமாகக் கட்டட்டும். பிள்ளைகளில் சிலர் காவியாக இருப்பார்கள், பெரிய வருத்தம் வராது. இரண்டு பேரும் என்றால் முடிவு அந்தப் பிள்ளைகளுடையது, தரகருடையதோ எங்களுடையதோ அல்ல. கட்டினாலும், பிள்ளைக்கு முன் டொக்டரோடு இருந்து கதைக்கட்டும். நாள் வைத்த பிறகென்றாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து இரத்தத்தைக் குடுங்கோ.