பொருத்தப்பாடின்மை: யாரோடு, எதோடு?

(திரையில்: டவுன் பஸ், மூன்று பேர் சீட்)

நான்காவதாக ஒருவர் வந்து நிற்கிறார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." மூவரும் ஜன்னல் பக்கம் நகர்கிறார்கள். அவரும் பாதித் தொடையை மட்டும் சீட்டில் வைத்து உட்கார்ந்துவிடுகிறார். கவனித்தீர்களா? நகர்ந்தது இரண்டு தரப்பும்தான்.

இந்த அட்ஜஸ்ட்டுக்கு முன்னால் 'மால்' ஒட்டினால் மாலட்ஜஸ்ட்மென்ட். மால்நியூட்ரிஷனில் வருகிற அதே மால். சரியில்லாதது என்று பொருள். தமிழில் பொருத்தப்பாடின்மை. பி.எட். படித்தவர்கள் எழுதியிருப்பீர்கள், பரீட்சையோடு மறந்தும் இருப்பீர்கள்.

சுற்றியிருக்கும் மனிதர்களோடும் சூழலோடும் ஒத்துப்போக முடியாமல் ஒருவருடைய படிப்பு, வேலை, உறவு எல்லாம் தடுமாறும் நிலை இது. வெறும் கூச்சத்துக்கு இந்தப் பெயர் கிடையாது. கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்கிறவருக்கும் கிடையாது.

(திரையில்: 1945, பிரிட்டன்)

அந்த ஆண்டு வந்த பள்ளி விதிகள், தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளை 11 வகையாகப் பிரித்தன. பார்வையற்றோர், காது கேளாதோர், வலிப்பு உள்ளோர் என்று போகும் பட்டியலில் மாலட்ஜஸ்ட்டட் என்பதும் ஒரு வகை. படுக்கையை நனைக்கிற பையன், திருடுகிற பையன், வாயே திறக்காத பெண், எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்தார்கள். பலர் சிறப்புப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

1955-இல், இந்தக் குழந்தைகளைப் பற்றி ஆராய அரசு அமைத்த அண்டர்வுட் குழு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தது. ஒருவருக்கும் அவரைச் சுற்றியுள்ள மனிதர்கள், சூழ்நிலைகளுக்கும் இடையே, ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருக்கும் உறவைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது என்றது. ஆக, சூழல் மாறினால் சொல்லும் பொருந்தாமல் போகலாம். ஆனால் ஒரு பையன் மேல் ஒட்டிய லேபிளை யார் உரிக்கிறார்கள்? 1981 கல்விச் சட்டம்தான் அந்த வகைகளைக் கைவிட்டது.

இதே சொல்லைத் திருப்பிப் போட்டவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங். 1967 செப்டம்பர், வாஷிங்டனில் உளவியலாளர்கள் கூட்டம். உங்கள் துறையில் அதிகம் புழங்கும் சொல் இதுதான் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு, இனப் பிரிவினையோடு நாம் ஒருநாளும் ஒத்துப்போகக் கூடாது என்றார்.

அதனால் இந்தச் சொல்லைக் கேட்டால் உடனே 'எதோடு?' என்று கேளுங்கள். "அவன் பொருத்தப்பாடற்றவன்" என்றால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. "புது ஹாஸ்டலோடு அவன் இன்னும் பொருந்தவில்லை" என்றால் சரி.

பேச்சுத் தமிழில் இதற்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்தால் எப்படிச் சொல்வோம்? அப்படியே இதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்: "அவனுக்கு ஹாஸ்டல் ஒத்துக்கலை."

இந்த வாக்கியத்தில் எழுவாய் ஹாஸ்டல்.