கடலுக்கும் பறவைக்கும் ஒரே கேமராவா?

வணக்கம் நண்பர்களே. என் இடது கையில் இருப்பது ஓஎம் சிஸ்டம் டிஜி-7, தண்ணீருக்குள்ளும் படம் எடுக்கும் கேமரா. 2023-இல் வந்தது, சட்டைப்பைக்குள் போய்விடும். மேசையில் ஒரு கிலோ எடையோடு உட்கார்ந்திருப்பது நிக்கான் பி950, தூரத்துப் பறவையை இழுத்துக் காட்டும் ஜூம் கேமரா. மீனையும் பறவையையும் ஒரே கேமராவில் எடுக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியாது. முடியும் என்று சொல்லி எதையாவது உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஒளியைத் தின்றுவிடும். முதலில் போவது சிவப்பு. சுமார் ஐந்து மீட்டரிலேயே செக்கச்செவேல் என்ற மீனும் மங்கிச் சாம்பல் பூத்துத் தெரியும். இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. ஆழம் மட்டும் கணக்கில்லை; மீனிலிருந்து லென்ஸ் வரையுள்ள தண்ணீரும் சேர்ந்துதான் நிறத்தைக் குடிக்கிறது. அப்படியானால் கடலுக்குள் ஜூம் எதற்கு? நெருங்கிப் போக வேண்டும். டிஜி-7 ஒரு சென்டிமீட்டர் தூரத்திலும் ஃபோகஸ் செய்யும். நான் இதைக் கையில் வைத்திருப்பதே அதற்காகத்தான். 12 மெகாபிக்சல்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். கலங்கிய நீரில் 50 மெகாபிக்சல் இருந்தாலும் கலங்கல்தான் பெரிதாகத் தெரியும்.

ரா (RAW) கோப்பு வசதி, அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் வசதி, கட்டாயம் வேண்டும். போன நிறத்தைப் பிறகு கணினியில் ஓரளவு மீட்கலாம். நிக்கான் டபிள்யூ300 முப்பது மீட்டர் வரை தாங்கும், ஆனால் அதில் ரா கிடையாது. பழைய கேமராவாக மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

டிஜி-7 தாங்குவது 15 மீட்டர். மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்க்கெலிங்கிற்கு அது தாராளம். காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவின் தொடக்கச் சான்றிதழே 18 மீட்டர் வரை போக விடுகிறது; அங்கே தனி ஹவுசிங் (கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டி) இல்லாமல் இறங்காதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலும் உப்புநீர் உள்ளே வந்துவிடும். கரையேறியதும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள்.

கேமராவோடு வரும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸை ஒட்டியே இருப்பதால் மிதக்கும் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். பக்கவாட்டில் பிடிக்கும் டைவ் டார்ச் நல்லது. ராமேசுவரம் பக்கம் போகிறவர்கள் காற்றையும் பாருங்கள்: தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கியிருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது. எங்கே இறங்கினாலும் படத்துக்காகப் பவளப்பாறையில் கால் ஊன்றாதீர்கள்.

பறவைக்கு வருவோம். டிஜி-7-இன் ஜூம் 100 மில்லிமீட்டருக்குச் சமம்; இந்த எண் கூடக்கூட தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். கோடியக்கரையில் நிற்கும் பூநாரைகள் அதில் எறும்பு வரிசைதான். பி950 இரண்டாயிரம் வரை இழுக்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் ஒளியைப் பதியும் சென்சார் ஒரே அளவு, சின்னது. அதனால் அந்தி நேரத்தில் பி950-ம் திணறும். காலை வெயிலில் அருமை.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதா? டிஜி-7-உடன் டார்ச்சும் வாங்குங்கள். பறவைகளை இப்போதைக்குப் பைனாகுலரில் பாருங்கள். டார்ச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.